கேற்றடி வரை

சிலாவத்தையில் என் வளவு
கடலுக்கு முந்நூற்றுப் பத்து மீற்றர்.
அளந்தது நானில்லை,
பிரதேச சபைப் பெடியன் நிரோஜன்,
சில்லுப் பூட்டிய கோலொன்றை
மணலுக்குள் உருட்டி உருட்டி.
அலையிலிருந்தா, அலை நனைத்த இடத்திலிருந்தா
என்று கேட்டேன்.
படிவத்தில் அது இல்லையாம்.

இரண்டு அறை. நாலு கட்டில்.
சுவர் வீட்டுத்திட்டக் காசு,
குளியலறை மாபிள்
நண்டுக் கம்பனியில் மூன்று வருடம்
நான் ஓடு உடைத்த காசு.
சனி ஞாயிறில் வந்து தங்கிப் போகிறவர்களுக்கு
விடலாம் என்று நினைத்தேன்.
நினைப்புக்கு ஒன்பது பக்க விண்ணப்பம்,
மூன்று பிரதி.

காணி உறுதி இணைக்கவும் என்றிருந்தது.
உறுதி இல்லைத் தம்பி, பெமிற் காணி.
நிலத்துக்கு ஒரு பெமிற்,
அதன் மேல் நிற்கிற வீட்டுக்கு ஒன்று,
வீட்டுக்குள் ஒருவர் படுத்தெழும்ப இன்னொன்று.
கேலியில்லை.
எனக்கும் கடதாசிக்கும் பகையில்லை.
வவுனியாவுக்குப் போக ஒரு பாஸ் வைத்திருந்தேன்,
இவர் கடலுக்கு இறங்க ஒரு பாஸ்,
முகாமில் தண்ணி எடுக்க ஒரு துண்டு.
நனைந்த துண்டைச் சட்டையோடு சேர்த்துக்
கொடியில் காயப் போட்டிருக்கிறேன்,
இலக்கம் அழியாமல்.

நிரோஜன் வாசித்தான்:
அறைக்கு இருவர்.
இரவு பத்துக்குப் பிறகு பாட்டுப் பெட்டி கூடாது.
பதிவுக் கொப்பியில்
பெயர், நிரந்தர முகவரி, வந்த நோக்கம்.
ஒருவர் இருபத்தெட்டு நாளுக்கு மேல் தங்கினால்
அது குறுங்காலத் தங்கல் ஆகாது.

விசுவமடுவில் பதினாறு நாள்,
சுதந்திரபுரத்தில் ஆறு,
இரணைப்பாலையில் பத்தொன்பது.
ஓரிடத்திலும்
நான் விதியை மீறவில்லை.
இதைச் சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றினேன்.

கடைசிப் பக்கம்:
அவசரத்தில் வெளியேறும் வழி, வரைபடமாக,
ஒவ்வொரு அறைச் சுவரிலும், கண் உயரத்தில்.
பேனையைத் தந்தான்.
கட்டில். கதவு. விறாந்தை. மூன்று படி.
கிணற்றடியைச் சுற்றிக் கேற்று.
கை கேற்றில் நிற்கவில்லை.
றோட்டுக்கு ஏறி, பனங்கூடலுக்குள்ளால்,
தண்ணி வந்தால் மேட்டுப் பக்கம்,
மேட்டில் வேறேதும் வந்தால் தண்ணிப் பக்கம்,
கையில் பிள்ளை இருந்தால் இதால்,
இல்லாவிட்டால் அதால்.
கடதாசி முடிந்து
மேசை விரிப்பில் போனது மை.

"கேற்றடியோட நிப்பாட்டுங்கோ அக்கா,
அங்கால சபைக்குப் பொறுப்பில்லை."

இருபத்தாறு வயதிருக்கும் அவனுக்கு.
புதுத்தாள் எடுத்தவன்
தராமல் வைத்துக்கொண்டு
என் படத்தையே பார்த்தான்.
பெயர் எழுதாமல் நான் விட்ட ஒரு கோட்டில்
விரல் வைத்தான்.
"இது வட்டுவாகல் பாலமெல்லோ."
பிறகு அவனே
அடிமட்டம் வைத்துக் கீறினான்,
கட்டில் முதல் கேற்று வரை,
அம்புக்குறி நாலு, சிவப்பில்.

அனுமதி வந்தது, நீல மட்டையில்.
மார்கழி முப்பத்தொன்றில் காலாவதி.
முதல் ஆட்கள் நீர்கொழும்பிலிருந்து,
கலியாணம் முடித்து ஒரு கிழமையான சோடி.
வந்த நோக்கம் என்ற கட்டத்துக்குள்
அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு எழுதினாள்:
சும்மா.
அவர்கள் கடலுக்குப் போன பிறகு
கொப்பியைத் திறந்து
இன்னொரு தடவை வாசித்தேன்.
எந்தக் கந்தோரிலும்
நான் எழுதிப் பார்க்காத பதில்.

தீயணைக்கும் சிலிண்டர்தான் இன்னும் வரவில்லை.
அதுவரைக்கும் வாசலில்
இரண்டு வாளி மணல் வைக்கச் சொன்னான் நிரோஜன்.
கடற்கரையில் அள்ள
மணலுக்கும் பெமிற் வேணுமோ என்று
பகிடிக்குக் கேட்டேன்.
அவன் சிரிக்கவில்லை.
வேணுமாம்.